அடுப்படி மூலை ஆமை

எங்கள் வீட்டு அடுப்படியின் தென்கிழக்கு மூலையில், சிமெண்டுத் தரைக்குக் கீழே, ஓர் ஆமை தூங்கிக்கொண்டிருக்கிறது என்று நான் ஏழு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை. கோடை லீவில் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, தரையில் காதை வைத்துக் கேட்டும் இருக்கிறேன். ஒன்றும் கேட்காது. அதுவே நல்ல சேதி என்று எழுந்து போய்விடுவேன். தூங்குகிற ஆமை சத்தம் போடுமா என்ன?

சிரிக்காதீர்கள். அம்மா பொய் சொல்லவே மாட்டாள் என்று நம்பிய பிள்ளைக்கு வேறு வழி கிடையாது. கதையைக் கேட்டால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வேப்பந்தட்டையிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகிற மினி பஸ், இதற்கு மேல் ரோடு இல்லை என்று திரும்புகிற இடம்தான் எங்கள் ஊர். நாங்கள் குடியிருந்தது அத்தை வீட்டில். அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. தாய் தகப்பன் போனபிறகு அப்பாவை வளர்த்து ஆளாக்கியவள். புருஷனைச் சீக்கிரமே இழந்தவள், பிள்ளை கிடையாது. அவளைக் கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்; கறி எடுத்த நாளெல்லாம் ஈரல் துண்டை எனக்கென்று ஒதுக்கி வைத்தவள் அவள்தான். ஆனால் வீடு அவளுடையது. சாமி விளக்கு அவளுடையது. குழம்புக்கு உப்பை அம்மா போடுவாள், போதுமா போதாதா என்பதை அத்தை சொல்லுவாள். அந்த வீட்டில் பதினோரு வருஷமாக அம்மா பேசியது இரண்டே வார்த்தை: "சரிங்க அண்ணி."

அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். ரோட்டில் ஊரே அதிர ஹாரன் அடிக்கிறவர், அக்காவுக்கு முன்னால் மட்டும் தொண்டையைக் கனைக்கக்கூட மாட்டார். எப்படியோ அவருக்குக் கிழக்குத் தெருவில் ஒரு பட்டா மனை கிடைத்தது. அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வீடு எழும்பியது. இரண்டு அறை, ஒரு அடுப்படி. அம்மாவுக்கு உலகத்தில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தலை பின்னும்போது ஒருநாள் சொன்னாள், "எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தா போதும்டி." அதைச் சொல்லிவிட்டு, அத்தை காதில் விழுந்திருக்குமோ என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

முழுஆண்டுத் தேர்வு நெருங்கிய சமயம். அறிவியலில் ஒரு பாடம்: விலங்குகளின் குளிர்கால உறக்கம். பங்குனி வெயிலில், ஓடு கொதிக்கிற வகுப்பறையில், மின்விசிறி சுற்றாத நேரத்தில் அந்தப் பாடத்தை எங்கள் டீச்சர் நடத்தினார். எங்கோ பனி பெய்கிற காடு. இலையெல்லாம் கொட்டிப் போய்விடும், தின்பதற்கு ஒரு புல் பூண்டு இருக்காது. அந்தக் காட்டுக் கரடி என்ன செய்யும்? பனி வருவதற்கு முன்னாலேயே கிடைத்ததையெல்லாம் தின்று கொழுத்து உருண்டுவிடும். பிறகு குகைக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் சாப்பாடு கிடையாது, தண்ணீர் கிடையாது, ஒண்ணுக்குக்கூடப் போகாது. இந்த இடத்தில் வகுப்பே கையைத் தட்டிச் சிரித்தது.

முள்ளெலியும் அப்படித்தான், வௌவாலும் அப்படித்தான் என்றார் டீச்சர். உடம்பு சில்லிட்டுப் போகும். படபடவென்று அடித்த இதயம், அடிக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெதுவாகிவிடும். தொட்டுப் பார்த்தால் செத்தது போலவே இருக்கும், ஆனால் சாகவில்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைத் துளித்துளியாகச் செலவு பண்ணிக்கொண்டு நல்ல காலத்துக்காகக் காத்துக்கிடக்கும். அதற்குள் யாராவது போய் எழுப்பிவிட்டால் ஆபத்து. உடம்பைச் சூடாக்கி எழுந்திருப்பதிலேயே சேர்த்து வைத்த தெம்பெல்லாம் தீர்ந்துபோகும். வெளியே இரையும் இருக்காது. பிறகு அது பிழைக்காது.

எனக்கு அந்தப் பாடம் பிடித்துப்போனது. ஆனால் ஒரு வருத்தம். நம்மூரில் ஏது பனி? மார்கழியில் மப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற அளவுக்குத்தான் எங்கள் குளிர். அதற்காக எந்தக் கரடி தூங்கப் போகிறது? அதையே எழுந்து கேட்டேன். டீச்சர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாடத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருக்கிறது என்றார். வெப்பமான நாடுகளில் நத்தை, தவளை, ஆமை முதலியவை நீர் வற்றும் காலத்தில் மண்ணில் ஆழமாகப் புதைந்து உறங்கும். மழை வந்ததும் விழிக்கும். இதற்குக் கோடை உறக்கம் என்று பெயர். படித்துவிட்டு, "இது பரீட்சைக்கு வராது, விட்டுடுங்க" என்றார். எங்கள் ஊருக்கென்று புத்தகத்தில் இருந்தது அந்த இரண்டு வரிதான். அது பரீட்சைக்கு வராது. என்ன செய்வது, நான் பிடிவாதக்காரி. அதையும் சேர்த்து மனப்பாடம் பண்ணினேன்.

மனப்பாடம் என்றால் சும்மா வாயை அசைப்பது இல்லை. தெருமுனை வரைக்கும் கேட்க வேண்டும். சாயங்காலமானால் அத்தை வீட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்து கத்துவேன். உள்ளே அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். அத்தை மட்டும் வெளியிலிருந்து, "போதும்டி, கரடியே எந்திரிச்சு ஓடிடும் போலருக்கு" என்பாள்.

அந்த வாரம் ஏரியில் நூறு நாள் வேலை நடந்தது. தண்ணீர் சுத்தமாக வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பெண்கள் மண்ணை வெட்டிக் கரையில் கொட்டினார்கள். சனிக்கிழமை லீவு என்பதால் அம்மாவுக்குக் கஞ்சித் தூக்குவாளியை ஒயர் கூடையில் வைத்து நான் எடுத்துக்கொண்டு போனேன். போன நேரத்தில் ஒரு பெண்ணின் மண்வெட்டி எதிலோ ணங்கென்று பட்டது. கல் என்று நினைத்துப் புரட்டினால், ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஓர் ஆமை. தலை, கால் எதுவும் வெளியே இல்லை. உடம்பு முழுக்கக் காய்ந்த சேறு.

"செத்துப்போச்சு" என்றாள் ஒருத்தி. "சாவல, கொழம்பு வெச்சா நல்லாருக்கும்" என்றார் கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அது கோடை உறக்கம்! எழுப்புனா செத்துரும்!" என்று கத்தினேன். அடேயப்பா, அன்றைக்கு ஏரியே சிரித்தது. அந்தப் பெண் ஆமையைத் தூக்கி மண்மேட்டில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். அந்தப் பெரியவர் பார்வை மட்டும் அதன்மேலேயே இருந்தது.

எல்லாரும் கஞ்சி குடிக்க உட்கார்ந்தார்கள். அவரும் கை கழுவப் போனார். அவ்வளவுதான், ஆமை என் ஒயர் கூடைக்குள் போனது, மேலே துண்டு விழுந்தது. அம்மா குடித்து முடித்த தூக்குவாளியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரே ஓட்டம். அம்மா பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டாள். காதில் வாங்கவில்லை.

ஓடினேனே தவிர, எங்கே கொண்டுபோவது? அத்தை வீட்டுக்குள் ஆமையா? எங்கள் பக்கத்தில் ஆமை வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்குமேல் பேச்சே கிடையாது. அந்த வீட்டில் விளக்கு எரியாது, பிள்ளைகள் விளங்காது, குடும்பம் சிதறிவிடும் என்பார்கள். அத்தைக்கு அந்தப் பயம் ஊரைவிட ஒரு படி அதிகம். சுவரில் ஆமை படம் போட்ட காலண்டரைக்கூட மாட்டவிட மாட்டாள். அதனால் நேராகக் கிழக்குத் தெருவுக்குப் போனேன். கூரை போட்டு முடித்து, கதவு வைக்காத எங்கள் புது வீடு. தரைமட்டத்தை உயர்த்த ஏரி மண்ணைத்தான் டிராக்டரில் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். ஏரி ஆமைக்கு ஏரி மண், இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? அடுப்படி மூலையில் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்துவிட்டு, மூச்சுவிட ஒரு விரல் அளவுக்கு ஓட்டை விட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தேன்.

இது வீடாகப் போகிறது, அதற்குள் ஆமையை நானே கொண்டுவந்து வைக்கிறேன் என்கிற யோசனை எனக்கு அப்போது வரவேயில்லை. கதவு இல்லாத வீடு எப்படி வீடாகும்? அது சுவர். அவ்வளவுதான் என் கணக்கு.

அதற்கப்புறம்தான் பயம் வந்தது. முதலில் தண்ணீர். புதுச் சுவர் இறுக வேண்டும் என்று அம்மா காலையிலும் சாயங்காலமும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். மழை என்று நினைத்து ஆமை எழுந்துவிட்டால்? ஒருநாள் ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த மூலையில் ஒரு பழைய கோணிப்பை கிடந்தது, அதைச் சுற்றி நாலு செங்கல். சுவரில் வழிகிற தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் செங்கலில் முட்டித் திரும்பியது. சித்தாள் யாரோ மறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறாள், சாமி இருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்தது தரை. வைகாசியில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. மேஸ்திரி எல்லா அறைக்கும் சிமெண்டுத் தரை போட்டுக்கொண்டே அடுப்படிக்கு வந்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தூங்குகிற ஆமையின் தலைமேல் சிமெண்டு! ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாசல் வரைக்கும் போனேன். உள்ளே அம்மா குரல் கேட்டது. "அந்த மூலை மட்டும் கெடக்கட்டுங்க மேஸ்திரி. அடுப்பு மேடை எங்க வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்." மேஸ்திரி, "இதுல பாக்குறதுக்கு என்னாம்மா இருக்கு" என்று முணுமுணுத்தார். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. மறுபடியும் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டேன். அந்த வருஷம் சாமி எனக்கென்றே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டியது. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் பெய்து, அடுப்படி ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளேயெல்லாம் அடித்தது. நல்ல சகுனம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். மழை வந்தால் எது விழிக்கும் என்று தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்தியவள் நான். புதுப் பாவாடை கிடைத்த மும்முரத்தில் அதை மறந்துபோனேன்.

காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் பால் பொங்க வேண்டும். ஒரு இருபது பேர் வாசலில் நின்றோம். முறைப்படி முதலில் கன்றோடு பசு உள்ளே போக வேண்டும். அதற்குப் பின்னால், புருஷன் இல்லாவிட்டாலும் உடன்பிறந்தவள் என்கிற உரிமையில், அத்தை விளக்கை ஏந்திக்கொண்டு வலது காலை வைக்க வேண்டும். அப்புறம் பால் சட்டியோடு அம்மா. பசுவின் நெற்றியில் குங்குமம் வைத்து வாசற்படி வரைக்கும் கூட்டிவந்தாயிற்று. பசு உள்ளே எட்டிப் பார்த்தது. புஸ்ஸென்று மூச்சுவிட்டது. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது.

"ஓட்டுப்பா" என்றார்கள். வாலை முறுக்கினார்கள். நகரவில்லை. அத்தை விளக்கோடு ஓரமாக எட்டிப் பார்த்தாள்.

"ஐயய்யோ! ஆமை! வூட்டுக்குள்ள ஆமைடா தம்பி!"

நடு அறையில், புதுச் சிமெண்டுத் தரையில், உடம்பெல்லாம் ஈரச் சேறாக ஓர் ஆமை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் அடுப்படியிலிருந்து சேற்றுத் தடம்.

கூட்டம் சட்டென்று இரண்டடி பின்வாங்கியது. அத்தை விளக்கைத் தரையில் வைத்துவிட்டாள். "வேணாம் தம்பி. இந்த வூடு வேணாம். குடி போறதுக்கு முன்னாடியே காட்டிக் குடுத்துருச்சு பாரு. பூட்டிப்புட்டு வா, நம்ம வூடு எங்க போச்சு? எப்பவும்போல அங்கயே இருப்போம்." அப்பா தலையைக் குனிந்தார். அப்பா தலையைக் குனிந்துவிட்டால் அது சரி என்று அர்த்தம். அம்மாவைப் பார்த்தேன். பால் சட்டியைப் பிடித்த கை வெளுத்துப்போயிருந்தது. பதினோரு வருஷம் காத்திருந்த அடுப்பு, பத்தடி தூரத்தில்.

நான்தான் கொண்டுவந்து வைத்தேன் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. வாயை மூடிக்கொண்டேன்.

"அண்ணி" என்றாள் அம்மா. "அது உள்ள வரலிங்க. வெளிய போவுது. தலை எந்தப் பக்கம் இருக்குது பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். உண்மைதான். ஆமை வாசலைப் பார்த்துத்தான் நின்றது.

அம்மா நிறுத்தவில்லை. "இது நம்ம வூட்டுக்குள்ள நொழையல அண்ணி. ஏரி மண்ண நாமதான அள்ளிட்டு வந்து கொட்டுனோம்? இது அந்த மண்ணுக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்துருக்கு. தண்ணி வத்துனா அப்புடித்தான், மண்ணுக்குள்ள பொதைஞ்சு, சோறு தண்ணி இல்லாம மாசக்கணக்குல கெடக்கும். செத்த மாதிரி இருக்கும், சாவாது. மழை பேஞ்சா எந்திரிச்சுப் போயிரும். அது படுத்துருந்த எடத்துல வூட்டக் கட்டுனது நாமதாங்க. மொதக் குடி அது. இப்ப நம்மகிட்ட குடுத்துட்டுப் போவுது. போற நேரத்துல கதவப் பூட்டுனா நல்லாருக்குமா?"

அவ்வளவு நீளமாக அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. கூட்டமும் கேட்டதில்லை போலிருக்கிறது. அத்தை அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். "இதெல்லாம் ஒனக்கு யாருடி சொன்னது?" என்று கேட்டாள்.

அம்மா மறுபடியும் என் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "தெரியுங்க அண்ணி" என்றாள்.

அத்தை குனிந்து, ஆமையின் தலை எந்தப் பக்கம் என்று இன்னொரு முறை பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நின்னு வேடிக்கை பாத்தா எப்புடி? வழி வுடுங்க அதுக்கு" என்றாள். எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வழி விட்டார்கள். ஆமை போக வேண்டுமே? அத்தனை சத்தத்தில் அது தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு நடு அறையில் கல்லாகிவிட்டது. மணி ஏழு. தூக்கி வெளியே வைத்துவிடலாம் என்றார் ஒருவர். தூக்கினால் துரத்தினதாக ஆகிவிடும், அதுவாகப் போக வேண்டும் என்றாள் அத்தை. அப்போது நான்தான் சொன்னேன், யாரும் பேசாமல் இருந்தால் தலையை நீட்டும் என்று. அதற்கப்புறம் நடந்ததுபோல ஒரு புதுமனை புகுவிழா எங்கள் வட்டாரத்தில் நடந்திருக்காது. இருபது பேர், ஒரு பசு, ஒரு கன்று, எரிகிற விளக்கு. ஒரு வார்த்தை கிடையாது. தும்மல் வந்த மேஸ்திரி தெருமுனைக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார். எல்லாரும் ஒரு ஆமைக்கு முன்னால் கைகட்டி நின்றோம்.

மெதுவாக மூக்கு நீண்டது. அப்புறம் கழுத்து. அப்புறம் ஒரு கால். ஆமை நடக்க ஆரம்பித்தது. வாசற்படிக்கு வந்து முட்டியது. ஏற முடியவில்லை. அப்பா சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, சாரப் பலகை ஒன்றை எடுத்துவந்து படிமேல் சாய்த்து வைத்தார். ஆமை ஏறியது, அந்தப் பக்கம் சறுக்கிக்கொண்டு இறங்கி, மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த பள்ளத்தில் தொப்பென்று விழுந்தது. அத்தை குனிந்து ஒரு துளி மஞ்சள் தண்ணீரை அதன்மேல் தெளித்தாள். "போயிட்டு வா" என்றாள். உடனே பதறிப்போய், "வராத, வராத, போ" என்றாள். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அங்கே வெடித்தது.

பசு உள்ளே போனது. அத்தை வலது காலை வைத்தாள். ஏழரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அம்மாவின் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா அழுதாள். விறகுப் புகை என்று சொன்னாள், நானும் நம்பினேன். சாயங்காலம் அப்பா ஆமையைச் சைக்கிளில் வைத்து, ஏரியில் தண்ணீர் நின்ற குழியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அம்மா அத்தையிடம், "இங்கயே சாப்புடுங்க அண்ணி" என்றாள். ஒரே மாதத்தில் அத்தையின் கட்டிலும் கிழக்குத் தெருவுக்கு வந்துவிட்டது. உப்பு போதாது என்று அவள் சொல்லுவதும் நிற்கவில்லை. ஆனால் அம்மா இப்போது, "எனக்குச் சரியாத்தான் இருக்குதுங்க அண்ணி" என்பாள்.

எல்லாம் சுபம். எனக்குத்தான் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. ஏரி மண்ணோடு வந்த ஆமை அது என்று அம்மா சொல்லிவிட்டாள். அம்மா பொய் சொல்ல மாட்டாள். சேறு அப்பிக் கிடந்ததால் எனக்கும் அடையாளம் தெரியவில்லை. அப்படியானால், வெளியே போனது வேறு ஆமை. நான் வைத்த ஆமை? மூலையில் போய்த் தோண்டினேன். பள்ளம்தான் இருந்தது. ஆனால் புத்தகத்தில் 'ஆழமாகப் புதைந்து' என்று போட்டிருக்கிறதே! என்னுடையது இன்னும் கீழே போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். மேஸ்திரி அந்த மூலையை மூட வந்த அன்று அழுது புரண்டேன். எதற்கு அழுகிறாய் என்று அம்மா கேட்கவில்லை. தோள் வரைக்கும் கையைவிட்டு மண்ணைத் துழாவிக் காட்டி, "ஒண்ணும் இல்ல பாரு" என்றாள். நான் சமாதானம் ஆகவில்லை. அதனால்தான் ஏழு வருஷம், தரையில் காது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த லீவில், புது மேடை கட்டுவதற்கு அந்த மூலையை உடைக்கப் போவதாக அம்மா சொன்னாள். "பாத்து ஒடைக்கச் சொல்லும்மா, ஆமை இருக்கு" என்றேன் நான், பாதி விளையாட்டாக, பாதி உண்மையாகவே. அம்மா சிரித்தாள் பாருங்கள், கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

"அடி கூறுகெட்டவளே, இன்னுமா அத நெனச்சுக்கிட்டு இருக்க? அன்னிக்குப் போனதே ஒன் ஆமைதான்."

"நீ மண்ணுல வந்ததுன்னு சொன்னியே?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? எம் மவ கொண்டாந்து வெச்சான்னா?"

எப்போது தெரியும் என்று கேட்டேன். ஏரியிலேயே தெரியும் என்றாள். தூக்குவாளி வைக்கத்தான் கூடை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாளியைக் கையில் பிடித்து ஓடினால் என்ன அர்த்தம்? கோணிப்பை? அவள் போட்டது. செங்கல்? அவள் வைத்தது. மூலையை மூடாமல் விட்டது? "தெனம் பத்துக் கொடம் தண்ணி ஊத்துனவளுக்கு அது எங்க மூச்சு வுடுதுன்னு தெரியாதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டின்மேல் உயிரையே வைத்திருந்தவள் அவள். ஆமை என்றால் அத்தை என்ன சொல்லுவாள் என்று எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவள். அன்றைக்கே எடுத்து ஏரியில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "ஏம்மா எடுத்துப் போடல? வூடே கைய விட்டுப் போயிருக்குமே?"

அம்மா முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தூங்குறத பாதியில எழுப்புனா, சேத்து வெச்ச தெம்பெல்லாம் தீந்துபோயி, பொழைக்காதுன்னு அடுப்படி வாசல்ல ஒக்காந்து கத்திக் கத்திப் படிச்சவ யாரு? நானா?"

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அம்மா. நான் கத்தியதெல்லாம் புகைக்குள் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாள், பரீட்சைக்கு வராத அந்த இரண்டு வரி உட்பட. டீச்சர் சொன்னது எனக்கு மார்க்குக்கு. அம்மாவுக்கு அது ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதை அவள் தன் வீட்டைப் பணயம் வைத்துக் காப்பாற்றினாள்.

அன்றைக்கு வாசலில் அத்தை, "ஒனக்கு யாருடி சொன்னது" என்று கேட்டபோது அம்மா என் பக்கம் திரும்பினாளே, அந்தப் பார்வை. வாயை மூடு என்கிறாள் என்று நினைத்து, பயந்துபோய் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அத்தையின் கேள்விக்குப் பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.